ஊருக்குத் தெரிந்தபின்

2009-இல் என் அத்தைக்குக் காசநோய் வந்தது. அப்பாவின் தங்கை. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டவுனில், வீட்டுத் திண்ணையைத் தட்டி வைத்து மறைத்த இடத்தில் மெஷின் போட்டு ப்ளவுஸ் தைத்துக்கொண்டிருந்தார். மாமா போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. இருமல் மூன்று வாரம் தாண்டியதும் அப்பா டாக்டரிடம் கூட்டிப் போனார். சளியைப் பரிசோதனைக்குக் கொடுத்தது கடைத்தெருவில் இருந்த ஒரு லேபில். அங்கே வேலை பார்த்த பையன் அத்தை வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்தவன். ரிப்போர்ட் அத்தை கைக்கு வருவதற்கு முன்னாலேயே அவன் தன் அம்மாவிடம் சொல்லிவிட்டான். கெட்ட எண்ணம் ஒன்றும் இருந்திருக்காது. அவன் அம்மா தினமும் சாயங்காலம் அத்தை வீட்டில் வந்து உட்கார்ந்து சீரியல் கதை பேசுகிறவர். "கொஞ்ச நாளைக்கு அங்க போகாதம்மா" என்று சொல்லியிருப்பான், அவ்வளவுதான். அந்த அம்மா பக்கத்து வீட்டில் சொன்னார். வெள்ளிக்கிழமைக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

எங்களுக்கும் தெரிந்தது. அதாவது, தெருவுக்குத் தெரியும் என்பது. மளிகைக் கடையில் வைத்து ஒருவர் அம்மாவிடம் விசாரித்தாராம். அன்றைக்கு ராத்திரி வீட்டில் அதுதான் பேச்சு. நான் அப்போது ப்ளஸ் ஒன். அத்தையிடம் சொல்லிவிடலாம் என்றார் அம்மா. அப்பா வேண்டாம் என்றார். "ஏற்கெனவே நொந்து கெடக்கா. இப்பதான் மாத்திரை போட ஆரம்பிச்சிருக்கா. இது வேற தெரிஞ்சா சோறே எறங்காது. ஆறு மாசத்துல சரியாயிடும், அப்பறம் யாரு ஞாபகம் வச்சிருக்கப் போறா." எனக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது. அன்பாகவும் பட்டது.

அத்தை தெருவில் எல்லோரிடமும் "சாதா சளிதான், மழைக்காலம்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். தைக்கத் துணி வருவது குறைந்துகொண்டே போனது. அந்தச் சமயம் பார்த்து எதிர்த்தெருவில் புதிதாக ஒரு தையல் கடை திறந்திருந்தார்கள். அத்தை காரணத்தை அங்கே கண்டுபிடித்தார். கூலியை 70 ரூபாயிலிருந்து 50 ஆக்கினார். அதற்கும் யாரும் வரவில்லை. புதுக் கடையில் ஓவர்லாக் மெஷின் இருக்கிறது, அதனால்தான் அங்கே போகிறார்கள் என்று முடிவுகட்டி, மகளிர் குழுவில் கடன் எடுத்து ஓவர்லாக் மெஷின் ஒன்று வாங்கினார். அதை ஆட்டோவிலிருந்து இறக்கி உள்ளே வைத்தது நானும் அப்பாவும்தான். இது எதற்கும் உதவப்போவதில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். சொல்லவில்லை. சொல்வதற்கான நாள் தாண்டிப் போயிருந்தது. இப்போது சொன்னால், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பதற்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டும்.

2012-இல் குழாயடியில் ஏதோ தண்ணீர்ச் சண்டை. "ஒன் சீக்கு ஊருக்கே தெரியும், எங்கிட்ட பேச வந்துட்ட" என்று ஒரு அம்மா கத்திவிட்டார். அத்தை குடத்தை அங்கேயே போட்டுவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். அன்றைக்கு அவர் பேசியது எனக்கு ஏறக்குறைய அப்படியே நினைவிருக்கிறது. "அந்தப் பய சொன்னான்னு எனக்குக் கோவம் இல்லண்ணே. சின்னப் பய. நீங்க எல்லாம்? மூணு வருஷமா ஒவ்வொருத்திகிட்டயும் சளி சளின்னு பொய் சொல்லிட்டு நின்னுருக்கேன். அவளுக எல்லாந் தெரிஞ்சே தலையாட்டிருக்காளுக. அந்த மெஷினு வாங்கறப்பவாச்சும் ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?"

அப்பா எதுவும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது.

*

இப்போது நான் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்யும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். டேட்டா ப்ரீச் என்ற வார்த்தை எங்கள் அலுவலகத்தில் வாரத்துக்கு நாலு முறையாவது அடிபடும். பாஸ்வேர்ட், ஃபயர்வால், பேக்கப், ஆடிட் என்று நடக்காமல் தடுப்பதைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவோம். நடந்த பிறகு என்ன என்று யாராவது கேட்டால் பேச்சு சட்டென்று வக்கீல்கள் பக்கம் போய்விடும். எனக்கோ ஒவ்வொரு முறையும் அந்த ஓவர்லாக் மெஷின்தான் ஞாபகம் வருகிறது. வெளியே போன ரகசியத்தைத் திரும்ப உள்ளே கொண்டுவர முடியாது. அப்படியென்றால் அதற்குப் பிறகு நோயாளியைப் 'பாதுகாப்பது' என்று நாம் சொல்வது எதை?

சிங்கப்பூரில் நடந்த ஒரு விஷயம் இந்தக் கேள்வியை நேருக்கு நேராக வைக்கிறது. அங்கே எச்ஐவி தொற்று உறுதியானவர்களின் பெயர்கள் அரசின் ஒரு பதிவேட்டில் இருக்கும். அதைப் பார்க்கும் அதிகாரம் கொண்ட பொறுப்பில் ஒரு மருத்துவர் இருந்தார். அவருடைய துணைவர் ஓர் அமெரிக்கர். அந்த அமெரிக்கரிடம் பதிவேட்டின் தகவல்கள் இருக்கலாம் என்று சுகாதார அமைச்சுக்கு 2016 மே மாதமே தெரியவந்தது. போலீசில் புகார் கொடுத்தார்கள், சோதனை போட்டார்கள், கிடைத்ததைப் பறிமுதல் செய்தார்கள். அதோடு முடிந்தது என்று நினைத்தார்கள். நோயாளிகளிடம் சொல்லவில்லை. அந்த ஆள் வேறு குற்றங்களுக்காக ஜெயிலுக்குப் போய், 2018-இல் நாடு கடத்தப்பட்டார். போன பிறகும் 31 பேரின் தகவல்கள் அவரிடம் இருப்பது தெரிந்தது. அந்த 31 பேரை மட்டும் தொடர்புகொண்டார்கள். 2019 ஜனவரியில் மொத்தமும் இணையத்துக்கு வந்தது. 14,200 பேர். பெயர், அடையாள எண், முகவரி, போன் நம்பர், பரிசோதனை முடிவு எல்லாம். அதில் 5,400 பேர் சிங்கப்பூர்க்காரர்கள். மீதி 8,800 பேர் வெளிநாட்டினர், வேலை அனுமதிக்கும் வருகை அனுமதிக்கும் விண்ணப்பித்தவர்களும் அவர்களில் உண்டு. அந்த ஊருக்கு வேலைக்குப் போவது என்றால் என்ன என்று நம்மில் பலருக்கு வீட்டளவிலேயே தெரியும். ஒரு மருத்துவப் பரிசோதனை, அதன் முடிவு, அதைப் பொறுத்து வாழ்க்கை.

ஏன் 2016-லேயே சொல்லவில்லை என்று நாடாளுமன்றத்தில் கேட்டார்கள். அமைச்சர் கொடுத்த பதிலின் சாரம் இதுதான்: மூடி மறைக்கவில்லை. வெளியே அறிவித்தால் நோயாளிகளுக்குப் பதற்றமும் வேதனையும் உண்டாகும் என்பதையும் யோசித்தோம். அது அப்போதைய சூழ்நிலையில் எடுத்த ஒரு தீர்மானம்.

அந்தப் பதிலைப் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை என்பதுதான் சங்கடம். அது அப்பாவின் குரல். "இது வேற தெரிஞ்சா சோறே எறங்காது." அமைச்சருக்கு நோயாளிகள்மேல் அக்கறை இல்லை என்று சொல்லி ஒதுக்கிவிட்டால் வேலை சுலபம். ஆனால் அக்கறை இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். அக்கறையே இப்படி ஒரு முடிவுக்கு நம்மைக் கொண்டுபோகும் என்றால், அதைத்தான் யோசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

*

வைத்தியம் என்பது ரொம்ப காலமாக இந்த இரண்டு மௌனங்களின் மேல் நின்ற தொழில். நோயாளியைப் பற்றி ஊரிடம் பேசாத மௌனம் ஒன்று, நோயாளியிடமே பேசாத மௌனம் இன்னொன்று. ஹிப்போக்ரடீஸின் உறுதிமொழியில் முதலாவது இருக்கிறது: நோயாளியிடம் கண்டதையும் கேட்டதையும் வெளியே சொல்லக் கூடாது. ஆனால் நோயாளியிடம் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

1961-இல் அமெரிக்காவில், சிகாகோவில் ஒரு மருத்துவமனை டாக்டர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. புற்றுநோய் என்றால் நோயாளியிடம் சொல்வீர்களா? சுமார் 90 சதவீதம் பேர் சொல்லாமல் இருப்பதையே விரும்பினார்கள். சொன்னால் நம்பிக்கை இழப்பார்கள், உடைந்துபோவார்கள் என்பது காரணம். 1979-இல் அதே மாதிரிக் கேள்விகளை வைத்து இன்னோர் ஆய்வு. இந்த முறை 97 சதவீதம் பேர் சொல்வதே சரி என்றார்கள். பதினெட்டே வருஷம். இடையில் மனிதர்களின் மனசு இரும்பாக மாறிவிடவில்லை. "சொன்னால் தாங்க மாட்டார்கள்" என்று அத்தனை டாக்டர்களும் அவ்வளவு உறுதியாகச் சொன்னதற்கு ஆதாரம் பெரிதாக ஒன்றும் இருந்ததில்லை. சொல்வது கஷ்டம், அவ்வளவுதான். சொல்கிறவனின் கஷ்டத்தைக் கேட்கிறவரின் பலவீனமாக எழுதி வைத்துக்கொண்டார்கள்.

நம் வீடுகள் இன்னும் 1961-இல்தான் இருக்கின்றன. பாட்டிக்குப் புற்றுநோய் என்றால் 'கட்டி' என்போம். ரிப்போர்ட்டை மகன் வாங்குவார், டாக்டர் மகனிடம் பேசுவார், பாட்டி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். இதைக் காட்டுமிராண்டித்தனம் என்று சொல்லமாட்டேன். குடும்பமே ஒரு நோயாளியாக இருந்து நோயைத் தாங்குவதில் ஒரு கதகதப்பு இருக்கிறது, அதை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். தீங்கற்ற நன்மையைத் தரும் என்றால் பொய்யையும் வாய்மையின் வரிசையில் வைக்கலாம் என்று வள்ளுவரே ஒப்புக்கொள்கிறார். இதை எடுத்துக்காட்டாத மாமா யாரும் நம் குடும்பங்களில் இல்லை.

ஆனால் வள்ளுவர் வைத்த நிபந்தனை கடுமையானது. அந்த நன்மையில் குற்றம் துளியும் கலந்திருக்கக் கூடாது. பாட்டியிடம் மறைக்கும் மகனுக்கு அந்த மறைப்பால் லாபம் ஒன்றும் இல்லை. தகவலைத் தொலைத்த மருத்துவமனை அதை மறைத்தால்? வழக்கு இல்லை, செய்தி இல்லை, நோயாளிகள் வேறு இடத்துக்குப் போவதில்லை. நோயாளியின் மன நிம்மதியும் நிறுவனத்தின் பெயரும் ஒரே மௌனத்தால் காப்பாற்றப்படும்போது, எதற்காக மௌனமாக இருந்தோம் என்று அந்த நிறுவனத்துக்கே தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. அப்பாவுக்கும்கூட இதில் லாபம் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன். தங்கையின் முகத்தை அந்தச் செய்தியோடு பார்க்கும் அந்த ஒரு நிமிஷத்தை மூன்று வருஷம் தள்ளிப்போட்டார்.

*

இங்கே நியாயமான ஒரு கேள்வி வரும். சொன்னால் மட்டும் என்ன ஆகிவிடும்? கிரெடிட் கார்டு நம்பர் திருடு போனால் கார்டை மாற்றலாம். நோயை மாற்ற முடியாது. நோயாளியால் எதுவும் செய்ய முடியாத ஒன்றை அவரிடம் சொல்வது, நம் மனசாட்சியைக் கழுவிக்கொள்ள அவர் தலையில் ஒரு பாரத்தை ஏற்றுவது இல்லையா?

நிறுவனங்களாலும் ஒன்றும் செய்ய முடிவதில்லை என்பதை முதலில் பார்த்துவிடலாம். 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் சேஞ்ச் ஹெல்த்கேர் என்ற நிறுவனத்தைத் தாக்கினார்கள். மருத்துவக் காப்பீட்டுப் பணப் பரிமாற்றத்தில் பெரும்பகுதி அதன் வழியாகத்தான் போகும். தாய் நிறுவனம் 2.2 கோடி டாலர் கொடுத்தது. வாங்கிய கும்பல் தன் கூட்டாளியையே ஏமாற்றிவிட்டுக் காணாமல் போனது. டேட்டா இன்னும் எங்கள் கையில் இருக்கிறது என்று வேறொரு கும்பல் மறுபடியும் பணம் கேட்டது. பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 19 கோடிப் பேர். திருடன் கொடுக்கும் 'அழித்துவிட்டேன்' என்ற உறுதிக்கு மதிப்பு அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவில் மெடிபேங்க் 2022-இல் பணம் கொடுக்க மாட்டேன் என்று மறுத்தது. கருக்கலைப்பு செய்துகொண்டவர்களின் விவரங்களைத் தனிக் கோப்பாகவே வெளியிட்டார்கள். கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், போனது போனதுதான்.

அப்படியென்றால் மிச்சம் இருப்பது என்ன? நோயாளி செய்யக்கூடிய ஒன்றே ஒன்று, அவரைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாதது. முந்திக்கொண்டு தானே சொல்வது. அம்மாவிடம் எச்ஐவி பற்றிச் சொல்லாத ஒரு பையனை நினைத்துப் பாருங்கள். அந்த அம்மா அதை ஏதோ ஒரு ஸ்க்ரீன்ஷாட்டில் பார்ப்பதற்கும், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகனே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கேட்பதற்கும் நடுவில் இருப்பது ஒரு வாழ்க்கை. தகவல் இரண்டிலும் ஒன்றுதான். அந்த ஞாயிற்றுக்கிழமையை அவனுக்குக் கொடுப்பதா வேண்டாமா என்பதைத்தான் மூன்று வருஷம் ஓர் அமைச்சு தீர்மானித்துக்கொண்டிருந்தது. அவனோ அந்த மூன்று வருஷமும் ரகசியம் பத்திரமாக இருக்கிறது என்று நம்பி வேலை மாறினான், பெண் பார்க்கப் போனான், வேண்டாம் என்று சொன்னான், யாருக்கோ ஏதோ காரணம் சொன்னான். அவனும் ஓவர்லாக் மெஷின் வாங்கிக்கொண்டிருந்தான்.

முந்திச் சொல்ல விரும்பாதவர்களும் இருப்பார்கள். சொல்லவே வேண்டாம், தெரியாமலே இருந்துவிட்டுப் போகிறேன் என்பவர்கள் இருப்பார்கள். இருக்கட்டும். அந்தத் தேர்வும் அவர்களுடையதுதானே.

*

எப்படிச் சொல்வது என்பதில்தான் எனக்கு உண்மையான பயம். மேலே நான் நியாயமாகப் பேசியதெல்லாம் இங்கே வந்து இடறுகிறது.

2017-இல் அமெரிக்காவில் ஏட்னா என்ற காப்பீட்டு நிறுவனம் சுமார் 12,000 வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் அனுப்பியது. உறையில் முகவரி தெரிவதற்காக ஒரு கண்ணாடித்தாள் ஜன்னல் இருக்குமில்லையா, அது வழியாக முகவரியோடு சேர்ந்து எச்ஐவி மருந்து என்ற வார்த்தையும் தெரிந்தது. தபால்காரர், வாசல் காவலாளி, அறைத் தோழர், அண்ணன் எல்லோரும் படிக்கலாம். கொடுமை என்னவென்றால், அந்தக் கடிதமே நோயாளிகளின் அந்தரங்கம் பற்றிய ஒரு வழக்கில் ஏற்பட்ட சமரசத்தின் பேரில் அனுப்பப்பட்டது. அந்தரங்கத்தைக் காப்பாற்றப் போட்ட கடிதம் அந்தரங்கத்தை உடைத்தது.

நம் ஊருக்கு வருவோம். 2023-இன் தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் கசிந்தால் வாரியத்துக்கும் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிவிக்காவிட்டால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். அந்த அபராதம் போவது அரசின் கருவூலத்துக்கு. நோயாளிக்குப் பைசா இல்லை. பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் நஷ்டஈடு கேட்க இருந்த 43ஏ பிரிவையும் இந்தச் சட்டமே நீக்கச் சொல்கிறது. இது தனியாகக் கோபப்பட வேண்டிய விஷயம், இப்போது விட்டுவிடுகிறேன். என் கவலை வேறு. 2025 நவம்பரில் வந்த விதிகள், பாதிக்கப்பட்டவர் பதிவு செய்து வைத்திருக்கும் தொடர்பு வழியில் அவருக்குத் தெரிவிக்கச் சொல்கின்றன. எளிய மொழியில், தாமதமில்லாமல். அமலுக்கு வர 18 மாத அவகாசம். எழுத்தில் நல்ல விதிதான்.

பதிவு செய்து வைத்திருக்கும் நம்பர் யாருடையது?

எங்கள் மென்பொருளில் 'மொபைல் எண்' என்று ஒரு பெட்டி இருக்கிறது. கவுன்டரில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்காக ஒரு மருத்துவமனையின் பதிவு மேஜைக்குப் பக்கத்தில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். வயதான பெண்களிடம் நம்பர் கேட்டால், "இருங்க, பையன் வெளிய நிக்கிறான்" என்று பையனைக் கூப்பிடுகிறார்கள். கல்யாணமான பெண்கள் பலர் கணவர் நம்பரைச் சொல்கிறார்கள். காலேஜ் பெண்ணுக்கு அப்பா நம்பர். கிராமத்திலிருந்து வந்த ஒருவர் கூட வந்த ஆட்டோக்காரரின் நம்பரையே கொடுத்தார். கணினியைப் பொறுத்தவரை அந்தந்த நம்பர்தான் அந்தந்த நோயாளி. நாளைக்கு ஒரு கசிவு நடந்து, சட்டப்படி, தாமதமில்லாமல், எளிய தமிழில் "உங்கள் மகப்பேறு மற்றும் கருத்தடை சிகிச்சை விவரங்கள் வெளியாகியுள்ளன" என்று ஒரு எஸ்எம்எஸ் போனால், அது போய்ச் சேர்வது யாரிடம்? ஹேக்கருக்குத் தெரிந்ததால் அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகாமல் போகலாம். எங்கோ இருக்கும் ஹேக்கருக்கு அவள் யாரோ. வீட்டில் இருப்பவருக்குத் தெரிந்தால்தான் ஆபத்து. பொதுவாகவே ரகசியம் யாரிடமிருந்து என்பதை நாம் தப்பாகப் புரிந்துவைத்திருக்கிறோம். அத்தைக்கு ஐரோப்பாவில் எவனோ ஒருவன் தன் சளி ரிப்போர்ட்டைப் பார்ப்பது பற்றிக் கவலையே இருந்திருக்காது. நாலு வீடு தள்ளி இருந்தவர்தான் கவலை.

ஆகவே சொல்லத்தான் வேண்டும், ஆனால் ஆளைப் பார்த்துச் சொல்ல வேண்டும். 2019-இல் சிங்கப்பூர் அமைச்சு ஆட்களை ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டது. எல்லோரையும் எட்ட முடியவில்லை. மெதுவான, செலவு பிடிக்கும், அபத்தமான தவறுகளுக்கு இடமுள்ள வேலை அது. போனை எடுப்பவர் யார் என்று உறுதி செய்துகொள்ளும் வரை எங்கிருந்து பேசுகிறோம் என்றுகூடச் சொல்ல முடியாது. "அடுத்த முறை டாக்டரைப் பார்க்க வரும்போது தனியாக ஐந்து நிமிஷம் பேசணும்" என்று மட்டும் சொல்லி வைக்கலாம். நான் இதை எங்கள் கூட்டத்தில் சொன்னபோது, "ஸ்கேல் ஆகாது" என்றார் ஒருவர். உண்மைதான், ஆகாது.

*

சொல்லாமலே இருந்தால் யார் சொல்வார்கள் என்பதற்கு ஃபின்லாந்து பதில் வைத்திருக்கிறது. வஸ்தாமோ என்பது அங்கே நாடு முழுக்கக் கிளைகள் கொண்ட ஒரு மனநல ஆலோசனை நிறுவனம். நோயாளிகள் ஆலோசகரிடம் பேசியதைப் பற்றிய குறிப்புகள் இருந்த அதன் டேட்டாபேஸ் சரியான பாதுகாப்பில்லாமல் இணையத்தைப் பார்த்துத் திறந்து கிடந்தது. 2018-இல் ஒருவன் எடுத்துப்போனான். 2020 செப்டம்பர் கடைசியில் நிறுவனத்திடம் 40 பிட்காயின் கேட்டு மிரட்டல் வந்தது. அக்டோபரில் சில நூறு குறிப்புகளை இணையத்தில் போட ஆரம்பித்தான். அதன் பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. ஒரு சனிக்கிழமை நோயாளிகளுக்கே நேரடியாக மின்னஞ்சல் வந்தது. 24 மணி நேரத்துக்குள் 200 யூரோ கொடு, தாமதித்தால் 500, இல்லாவிட்டால் நீ உன் ஆலோசகரிடம் சொன்னது எல்லோருக்கும் தெரியும். சுமார் 33,000 பேரின் பதிவுகள். குழந்தைகளும் அதில் உண்டு. தன் தகவல் போய்விட்டது என்பதைத் திருடன் வாயால் கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். நிறுவனம் 2021-இல் திவாலானது. 2024 ஏப்ரலில் மாவட்ட நீதிமன்றம் குற்றவாளிக்கு ஆறு வருஷம் மூன்று மாதம் சிறைத் தண்டனை விதித்தது.

இதில் என்னை நிறுத்திய விஷயம் வேறொன்று. அந்த வாரம் ஃபின்லாந்தில் நிறையப் பேர் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டது: அந்தக் கோப்பைத் திறக்காதீர்கள். கண்ணில் பட்டாலும் படிக்காதீர்கள். பகிராதீர்கள். பகிர்வது குற்றம் என்று போலீசும் சொன்னது. தானும் அந்த நிறுவனத்தின் நோயாளிதான், தனக்கும் மிரட்டல் வந்தது என்று அரசியல்வாதிகள் சிலர் தாமாகவே வெளியே சொன்னார்கள். எல்லோரும் கேட்டிருக்க மாட்டார்கள், படித்தவர்களும் இருப்பார்கள். இருந்தாலும் ஒரு ஊரே சேர்ந்து ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முயற்சி செய்தது என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

அத்தையின் தெருவும் தெரியாத மாதிரிதான் நடந்துகொண்டது. இரண்டும் ஒன்றா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். தெருக்காரர்கள் தெரிந்துகொண்டு, அதை வைத்துத் தாங்கள் செய்ய வேண்டியதைச் செய்துகொண்டு, முகத்தில் மட்டும் தெரியாததுபோல இருந்தார்கள். துணியை வேறு கடைக்குக் கொண்டுபோனார்கள், அத்தையின் சளிக் கதைக்குத் தலையாட்டினார்கள். நாங்களும் அதையேதான் செய்தோம். நாகரிகம் என்று நாம் சொல்வதில் பாதி இதுதான். படிக்காமல் இருப்பவர் தன்னிடம் ஒரு சாவியை வைத்துக்கொள்ளவே மறுக்கிறார். சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டவர், "நான் திறக்கலையே" என்று சொல்வது அதே ஆகாது. ஆனால் காதில் தானாக வந்து விழுந்துவிட்டால்? மளிகைக் கடையில் அம்மா காதில் விழுந்த மாதிரி? "எனக்குத் தெரியும்மா, ஒண்ணுமில்ல, நான் வந்துட்டுதான் இருப்பேன்" என்று யாராவது ஒருத்தர் அத்தையிடம் வந்து சொல்லியிருக்கலாம். அது அந்த மூன்று வருஷத்தை மாற்றியிருக்குமா என்று தெரியவில்லை. யாரும் சொல்லிப் பார்க்கவில்லை.

அத்தைக்கு மாத்திரை எல்லாம் சரியாக முடிந்து நோய் முழுசாகப் போய்விட்டது. கடனும் ஒருவழியாக அடைந்தது. ஓவர்லாக் மெஷின் இன்னும் இருக்கிறது, இப்போது அதற்கு வேலையும் இருக்கிறது. போன வருஷம் சர்க்கரைக்குப் பார்க்க ஒரு மருத்துவமனைக்கு நான்தான் கூட்டிப்போனேன். கவுன்டரில் இருந்த பெண் நம்பர் கேட்டார். நான் என் போனை எடுப்பதற்குள் அத்தை தன் பட்டன் போனைப் பையிலிருந்து எடுத்து, பின்னால் ஸ்டிக்கரில் எழுதி ஒட்டியிருந்த நம்பரை ஒவ்வொரு எண்ணாகப் படித்துக் காட்டினார்.

"ரிப்போர்ட் வாட்ஸாப்ல வரும்மா, இதுல வராது. பையன் நம்பர் குடுங்களேன்."

"பரவால்லம்மா. நானே வந்து வாங்கிக்கிறேன்" என்றார் அத்தை.